நான்கு பிராந்திக் கடையும் இரண்டு கலரும்

அத்தானோடு சேர்ந்து திருநெல்வேலிக்குப் போய்வரச் சொல்லி அம்மா சொன்னபோது, தனித்தனி பஸ்ஸில் போனால் என்ன என்று கேட்டேன். கேலிக்குக் கேட்கவில்லை. அக்காவைக் கட்டியவர் என்ற ஒரே காரணத்துக்காக அந்த மனிதரை ஒன்பது வருடம் பொறுத்துக்கொண்டிருந்தேன். கோவில்பட்டியிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் அவர் தோளில் இடித்துக்கொண்டு உட்கார எனக்கு மனமில்லை.

தங்கைக்குத் திருநெல்வேலியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே பாத்திரக் கடை. ஆற்றங்கரையை ஒட்டிய பழைய தெருவில் சொந்த வீடு. புறவாசல் கதவைத் திறந்தால் நாலு எட்டில் படித்துறை. அம்மாவுக்கு மாப்பிள்ளையைவிட ஆற்றைத்தான் அதிகம் பிடித்திருந்தது. எங்கள் தெருக் குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும் என்று எவனுக்கும் தெரியாது. வருகிற அன்று விடியுமுன் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுக்காரியோடு மல்லுக்கு நின்றே அம்மாவுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. "என் புள்ளையள்ல ஒருத்தியாவது குடம் தூக்காம இருக்கட்டும்" என்றாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். லேசாகக் கிராம்பு வாசம் அடித்தது. அதைச் சொன்னதும், பல்லைச் சுத்தமாக வைத்திருக்கிற பிள்ளை என்று அம்மா அதற்கும் சந்தோஷப்பட்டாள்.

ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. மாப்பிள்ளை குடிப்பாரா?

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கும் முன்னால் விசாரிக்கிற முறை ஒன்று உண்டு. தெருமுனைப் பலசரக்குக் கடையில் கேட்பார்கள், முடிவெட்டுகிறவரிடம் கேட்பார்கள். கடைசியாக, பெண் வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் மாப்பிள்ளை இருக்கிற பகுதியின் பிராந்திக் கடைகளில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவான். அப்பா இல்லாத வீடு என்பதால் எங்கள் வீட்டில் அது என் தலையில் விழுந்தது. முதல் தடவையும் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அக்காவுக்குப் பேசி முடிக்கும்போதும் நான்தான் போனேன். அதே திருநெல்வேலி, அதே ஆற்றங்கரைத் தெருக்கள். அத்தான் அப்போது அங்கே ஒரு லாரி ஷெட்டில் வேலை பார்த்தார். போய்விட்டு வந்து, "நல்ல மனுசன், அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்று சொன்னேன். கல்யாணமான மாதமே அவர் வாசல்படியில் விழுந்து கிடந்தார்.

அப்புறம் கயத்தாற்றில் உரக்கடை போட்டார். ஊர் மாறியது, குடி மாறவில்லை. அக்கா எத்தனை முறை பெட்டியோடு வந்தாள், எத்தனை முறை நான் கொண்டுபோய் விட்டேன் என்பதெல்லாம் வேண்டாம். வீட்டில் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. "விசாரிச்சும் இப்படி ஆயிப்போச்சே" என்று மட்டும் அம்மா சொல்வாள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.

இந்தத் தடவை அம்மா தெளிவாக இருந்தாள். "நீ தனியாப் போயி ஏமாந்தது போதும். உங்க அத்தானையும் கூட்டிட்டுப் போ. அவியளுக்குத்தான் அந்தக் கடையெல்லாம் அத்துப்படி."

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அத்தான் குடியை விட்டுப் பத்து மாதம் ஆகியிருந்தது. அக்கா என்னைத் தனியாக அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "அவிய கையில கிளாஸ் போகக் கூடாது. போச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன்." என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

நாலு மணி பஸ். அத்தான் ஜன்னலோரம் உட்கார்ந்தார், நான் மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்தேன். வெளியே கரிசல் வெடித்துக் கிடந்தது. கயத்தாற்றில் அவருக்குத் தெரிந்த ஒருவர் ஏறி, "யார்கூட அண்ணாச்சி?" என்று கேட்க, அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கட்டைவிரலால் என்னைக் காட்டினார். மரியாதை அந்த அளவுக்கு இருந்தது.

அப்போது பிராந்திக் கடைகள் தனியார் கையில் இருந்தன. முன்னால் கம்பி போட்ட ஜன்னல், பக்கவாட்டுச் சந்தில் நுழைந்தால் பார். முதல் கடை பாலம் முடிகிற இடத்தில். உள்ளே கால் வைத்ததுமே சப்ளையர் அத்தானைப் பார்த்து முகம் மலர்ந்துவிட்டான்.

"என்ன அண்ணாச்சி, ஆளையே காணும்? உடம்புக்கு ஆகலையோன்னு நெனச்சோம்."

"எனக்கு சோடா. இவருக்கு ஒரு கட்டிங் பிராந்தி" என்றார் அத்தான்.

நான் குடிக்கிறவன் இல்லை. அதைச் சொன்னேன். "ஒண்ணும் வாங்காம உக்காந்தா போலீசுன்னு நெனப்பான். நான் குடிக்கக் கூடாது. பின்னே யார் குடிக்க?" என்றார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. முப்பது வயது வரைக்கும் தொடாததை, இந்த ஆளுக்குக் காவல் இருப்பதற்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன். தொண்டையில் தீக்குச்சி மருந்தைக் கொட்டின மாதிரி இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்பதால் அந்த எரிச்சல் எனக்குத் தெரியும்.

சட்டைப் பையிலிருந்து மாப்பிள்ளையின் போட்டோவை எடுத்துச் சப்ளையரிடம் நீட்டினேன். "கல்யாண விசாரணையா? தங்கமான பையன் அண்ணாச்சி. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லை" என்றான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவன் போட்டோவைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை அத்தான்தான் காட்டினார்.

"நீ யார் படத்தைக் காட்டினாலும் இதைத்தான் சொல்லுவான். ஒருத்தன் கல்யாணத்தைக் கெடுத்துட்டா, அதுக்கப்புறம் அந்தக் கடைக்கு எவன் வருவான்?" என்றார், சந்தில் நடந்துகொண்டே.

"பின்னே என்னத்துக்கு இங்கன கூட்டிட்டு வந்தீங்க?"

"உங்க அம்மா கடை கடையாப் பாக்கச் சொன்னாவ. பாக்குதேன்."

இரண்டாவது கடை ஆற்றை ஒட்டிய தெருவில் ஒரு பழைய சத்திரம். கல்தூண்களுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு பாராக்கியிருந்தார்கள். யாரோ ஒரு புண்ணியவான் வழிப்போக்கர்களுக்காகக் கட்டிவைத்தது. பின்பக்கத்து ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது. சாயங்கால வெயிலில் படிக்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவன், நாங்கள் கோவில்பட்டி என்று தெரிந்ததும், "அங்கன குளிக்கத் தண்ணி உண்டுமா, இல்லை திருநீறு பூசிக்கிடுவீங்களா?" என்று கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"குளிச்சுட்டுத்தான் வந்திருக்கோம். ஆத்தங்கரையில இருந்துக்கிட்டு நீதான் குளிக்கலைன்னு தெரியுது" என்றேன். உள்ளே போயிருந்த சரக்கு பேசியது. அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். அத்தான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று, அவன் தோளில் கை வைத்து என்னவோ சொல்லி உட்கார வைத்தார். எனக்காக அவர் வக்காலத்து வாங்கியது அவன் கேலியைவிட எனக்குக் கசந்தது. அங்கேயும் போட்டோவை நீட்டினேன். சப்ளையர் மாறியிருந்தான், பதில் மாறவில்லை. தங்கமான பையன், எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மூன்றாவது கடைக்குள் நுழையும்போது எனக்குக் கால் தரையில் சரியாகப் பாவவில்லை. கோயில் மதிலை ஒட்டிய சந்து. வெளிச்சம் குறைவான அறை. மேஜைக்கு மேஜை மாங்காய்த் துண்டும் ஊறுகாய்ப் பொட்டலமும். அங்கிருந்த சப்ளையர் வயதானவர். அத்தான் அவரைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே கேட்டார். "அண்ணாச்சி, யாராவது வந்து என்னையப் பத்தி விசாரிச்சா என்ன சொல்லுவீங்க?"

"இதென்ன கேள்வி? நல்ல மனுசன், இந்தப் பக்கமே வரமாட்டாவன்னு சொல்லுவேன்."

"கேட்டுக்கிட்டியா?" என்று அத்தான் என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. எதையோ தெரிந்து வைத்துக்கொண்டு பார்க்கிற பார்வை. எனக்கு எங்கிருந்து அவ்வளவு வன்மம் வந்ததென்று தெரியாது. என் முன்னால் இருந்த கிளாஸை அவர் பக்கமாகத் தள்ளினேன். "குடிங்க. பத்து மாசமா நாக்கைத் தொங்கப் போட்டுட்டுத்தான இருக்கீங்க. எங்க அக்கா வாழ்க்கையைக் குடிச்சாச்சு, இதைக் குடிச்சா என்ன?" சத்தமாகத்தான் சொன்னேன். பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தான் கிளாஸைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நான் கிளாஸை எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று அக்கா என்னை நம்பித்தான் அனுப்பியிருந்தாள் என்பது ஞாபகம் இருந்தும் எடுக்கவில்லை. கடைசியில் அந்தப் பெரியவர் வந்து, "வேண்டாம்னா எடுத்துக்கிடுதேன்" என்று கொண்டுபோய்விட்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வெளியே வந்ததும் போய்விடலாம் என்றேன். பையன் நல்லவன், கேட்ட இரண்டு கடையிலும் சொல்லிவிட்டார்கள், இதற்கு மேல் என்ன? அத்தான் முன்னால் நடந்தார். படித்துறைக்கு இறங்குகிற தெருவில் திரும்பினார். எனக்கு அந்தத் தெரு தெரிந்தது. இடதுபுறம் பிராந்திக் கடை, எதிரே சோடாக் கடை. ஒன்பது வருடத்தில் போர்டு மட்டும் புதிது.

நான் நின்றுவிட்டேன்.

"உள்ள போக வேண்டாம்" என்றார் அத்தான். "உள்ள போனா ஒண்ணும் தெரியாது. சோடாக் கடையில நில்லு. ஆனா இந்தத் தடவை கடையைப் பாத்து நில்லு."

குடித்ததெல்லாம் ஒரே நொடியில் இறங்கியது.

"அன்னைக்கு நீ இதே இடத்துல முதுகைக் காட்டிக்கிட்டு நின்ன. கையில ஆரஞ்சுக் கலர் பாட்டில். நான் உள்ளருந்து வாரேன், நீ நிக்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் கேசரி கொண்டுவந்து வச்ச மொகம், எனக்கு மறக்குமா? பாத்துட்டான், கல்யாணம் நின்னுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். நீ திரும்பவே இல்லை. ஒரு கலரைக் குடிச்சு முடிச்சுட்டு இன்னொண்ணு வாங்கின. நான் உன் பின்னாடியேதான் நடந்து போனேன்."

அது உண்மை. மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. இருபத்தோரு வயதில் பிராந்திக் கடைக்குள் நுழைய எனக்குப் பயமாக இருந்தது. தெரிந்தவர் யாராவது பார்த்து, இவனும் குடிக்கிறான் என்று ஊரில் சொல்லிவிடுவார்களோ என்று பயம். முகம் தெரியாமல் இருக்கத்தான் முதுகைக் காட்டி நின்றேன். இரண்டு கலர் குடிக்கிற நேரம் நின்றுவிட்டு, விசாரித்தாயிற்று என்று பஸ் ஏறினேன். வீட்டில் போய் என்ன சொன்னேன் என்பதை முன்பே எழுதிவிட்டேன். அத்தான்மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபம் முழுதும் எதற்கு என்று எனக்கு எப்போதும் தெரியும். அது அவருக்கும் தெரியும் என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது.

"இத்தனை வருசம் ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொல்லி என்ன ஆகணும்? குடிச்சது நானு. நீயா குடிச்ச?" அவர் குரலில் கருணை எதுவும் இல்லை. "கடையைப் பாரு."

பார்த்தேன். ஏழு மணி இருக்கும். கோயில் மணி அடித்தது. ஒரு மொபெட் வந்து, கடைக்கு முன்னால் நிற்காமல் நாலு வீடு தள்ளி ஒரு பூட்டின வீட்டு வாசலில் நின்றது. நெற்றியில் திருநீறு, கையில் கொத்தமல்லி எட்டிப் பார்க்கிற மஞ்சள் பை. என் சட்டைப் பையில் இருந்த முகம். மாப்பிள்ளை சந்துக்குள் போகவில்லை. கம்பி ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றார். உள்ளேயிருந்து ஒரு கை கிளாஸை நீட்டியது. கேட்காமலேயே நீட்டியது. அவர் தண்ணீர் சேர்க்கவில்லை. ஒரே மடக்கு. கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டைப் பையில் விரலை விட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். மீசையைத் துடைத்தார். மொபெட் கிளம்பிவிட்டது. நான் ஒரு கலர் குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"கிராம்பு" என்றார் அத்தான். "வாசம் அடிச்சுதுன்னு நீ சொன்னப்பவே நெனச்சேன், பாத்திரக் கடையிலருந்து அவன் வீட்டுக்குப் போற வழி இதுதான். வீட்டுலருந்தே எடுத்துட்டு வாரான் பாத்தியா? உள்ள உக்காந்து சத்தம் போடுறவனைக்கூட ஒரு வகையில சேக்கலாம். இவன் நின்னு குடிக்கான், தினமும் குடிக்கான், வீட்டுக்குத் தெரியாம குடிக்கான். நான் அப்படித்தான் இருந்தேன். வேண்டாம்னு சொல்லிரு."

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா முகத்தைச் சுளித்தாள். வாடை வீடு முழுக்கப் பரவியிருந்தது. அவள் பார்த்தது அத்தானைத்தான். அத்தான் சட்டையைக் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். ஒன்பது வருடப் பழக்கம் அது. அக்கா சட்டையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள், கழுத்துப் பட்டியையும் மோந்து பார்த்தாள். அப்புறம் அதை ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளை குடிக்காரு. வேண்டாம்" என்றேன்.

"யார் சொன்னா?" அம்மா கேட்டாள்.

"அத்தான் காட்டினாவ. நானே கண்ணால பாத்தேன்."

"நீ இப்ப இருக்க லெச்சணத்துல உன் கண்ணை நம்பச் சொல்லுதியா? இவிய தான் கெட்டது போதாதுன்னு நல்ல இடத்தையும் கெடுக்காவ." அத்தானுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். "ஆத்தங்கரை வீடு. எம்புட்டுத் தண்ணி. போன தடவை நீ ஒழுங்கா விசாரிச்சுட்டு வந்து சொன்ன, அப்பவும் விதி வெளையாடிருச்சு. ஊருல குடிக்காதவன் எவன்? கட்டிக் குடுத்த பெறவு பாத்துக்கிடலாம்."

தங்கை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பது யாருக்கும் உறைக்காத மாதிரி நின்றாள். அம்மா அவளைக் கொடுத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் ஒழுங்காக விசாரித்தும் விதி விளையாடிவிட்டது என்று அம்மா நம்புகிறவரைக்கும், விசாரணைக்கே அர்த்தம் இல்லை.

"போன தடவை நான் விசாரிக்கவே இல்லை" என்றேன்.

அம்மா புரியாமல் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். கடைக்குள் போகவில்லை, பயந்து எதிரே முதுகைக் காட்டி நின்றேன், கலர் குடித்துவிட்டு வந்துவிட்டேன், நல்ல மனுசன் என்று நானாகச் சொன்னேன். நாக்கு குழறியதால் சில இடங்களில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கிராம்பைப் பற்றிச் சொன்னபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள் தங்கை. "நான் குடம் தூக்கிக்கிடுதேன்."

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. ஜாதகம் சரியில்லை என்று மறுநாள் தரகரிடம் சொல்லி அனுப்பினோம். அந்த வீட்டாருக்கு எங்கள்மேல் இன்றுவரை கோபம் உண்டு.

ஆனால் அந்த இரவில் நான் காத்திருந்தது அக்காவுக்காக. அழுவாள், அறைவாள், என் முகத்திலேயே விழிக்காதே என்பாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்த் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள். மோர் ஊற்றினாள். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அக்கா" என்றேன்.

"கல்யாணமான மறுவாரமே அவிய சொல்லிட்டாவ" என்றாள். "ஒரு நாளாவது நீயா வந்து சொல்லுவேன்னு பாத்தேன். என்னையப் பெட்டியோட கொண்டுவிடும்போதெல்லாம், இன்னைக்குச் சொல்லுவான், பஸ் ஏத்தும்போது சொல்லுவான்னு பாப்பேன்."

நான் சோற்றில் கை வைக்கவில்லை.

"ரெண்டாவது கலர் என்னத்துக்குலே வாங்கின?" என்று கேட்டாள். "ஒண்ணு குடிச்சு முடிச்சதுக்கப்புறமும் திரும்பிப் பாக்கணும்னு தோணலையா?"

அக்கா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.